ராஜபாளையத்து பிரெட்

கணவன் கடை பிரெட்டை மேஜைக்கு மேலேயும், ராஜபாளையத்து பிரெட்டை மேஜைக்கு அடியிலும் வைத்துவிட்டு ஞானசெல்வி அடுப்பைப் பற்றவைத்தாள். அறுப்பின் பண்டிகைக்காகத் தேவாலய வளாகம் முழுக்கப் பந்தல் போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் காணிக்கையாக வந்த பூசணிக்காய்களும், கால் கட்டிய கோழிகளும், வாழைத்தார்களும் ஏலத்துக்குக் கிடந்தன. இன்னொரு பக்கம் பெண்கள் சங்கத்தின் சமையல் போட்டி. போன வருஷம் அதிரசம். அதற்கு முந்தின வருஷம் பிரியாணி. இந்த முறை வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் ஒற்றைக் காலில் நின்று சீஸ் சாண்ட்விச் என்று முடிவு செய்ய வைத்துவிட்டார்கள். ஊரில் வீட்டுக்கு வீடு பெண்கள் வாட்ஸப் ஸ்டேட்டஸ் போட்டு அதைத்தான் விற்றுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் முதலில் ஆரம்பித்தவள் ஞானசெல்வி. டியூஷன் முடிந்து வரும் பிள்ளைகள், பேங்க்கில் வேலை பார்க்கிறவர்கள், பூ மார்க்கெட் வியாபாரிகள் வீட்டுப் பெண்கள் என்று அவளுக்கு ஆள் இருந்தது. பச்சைமிளகாயையும் பூண்டையும் நசுக்கி வெண்ணெயில் குழைத்து, பிரெட்டின் இரண்டு பக்கமும் தடவி, துருவிய சீஸை நிறைத்து, தோசைக்கல்லில் போட்டு மேலே கனத்த இரும்புச் சட்டியை ஏற்றி அழுத்துவாள். கடித்தால் நொறுங்கும் சத்தம் பக்கத்தில் நிற்பவனுக்குக் கேட்கும்.

அந்தச் சத்தம் ரத்தினம் பேக்கரி பிரெட்டில் வராது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அவள் மாமனார் ஞானரத்தினம் ஆரம்பித்த கடை அது. இப்போது அவள் கணவன் ஜெயசிங் நடத்துகிறான். அந்த பிரெட் இனிப்பாக, பஞ்சு மாதிரி இருக்கும். காய்ச்சல்காரர்கள் பாலில் முக்கித் தின்பதற்கு அதைவிட நல்ல பிரெட் கிடையாது. ஆனால் வெண்ணெய் பட்டதும் நனைந்த துணி போலத் துவண்டுவிடும். கல்லில் போட்டால் சக்கரை சீக்கிரம் கருகி, உள்ளே சீஸ் உருகும் முன்பே மேல்தோல் கிழிந்துவிடும். கல்யாணமான புதிதிலிருந்தே அவள் சொல்லிப் பார்த்திருக்கிறாள். கடைசியாகச் சொன்னபோது ஜெயசிங் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தட்டிலிருந்து கையை எடுக்காமல் சொன்னான்: "எங்கப்பா போட்ட அளவு அது. அந்த பிரெட்டத் தின்னுதான் இந்த ஊர்ல பாதிப் பேருக்குக் காய்ச்சல் விட்டுச்சு. நீ வந்து சக்கரை கூடுது, உப்பு பத்தலைன்னு சொல்லுத. பேசாமப் போ, ஏட்டி."

அவள் வேறு வழி பார்த்தாள். பக்கத்து வீட்டு இசக்கித்தாய் ராஜபாளையத்தில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தாள். சாயங்காலம் பஸ் கரிவலம் தாண்டும்போது போன் பண்ணுவாள். அவள் சேலைப் பைக்குள் வைத்துக் கொண்டுவரும் பிரெட்டை ஞானசெல்வி பின்வாசல் வழியாக வாங்கி அரிசிப் பானைக்குப் பின்னால் வைப்பாள். வெறும் கவர்களை அடுத்த தெரு குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வருவாள். ஜெயசிங் கொடுத்துவிடும் பிரெட்டை மாட்டுக்குப் போட்டாள். கடையில் யார் கேட்டாலும் அவன் மார் நிமிர்த்திச் சொல்வான்: "நம்ம பிரெட்டுல நம்ம வீட்டம்மா போடுதா."

போட்டிக்கு அவள் பேரைக் கொடுத்ததே அவன்தான். அன்று காலை புதிதாகச் சுட்ட பிரெட்டைத் தானே தூக்கிக்கொண்டு வந்து, கடை பெயர் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி மேஜை மேல் திருப்பி வைத்துவிட்டுப் போய் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான்.

அடுத்த மேஜை சுகிர்தாவுக்கு. அவள் புருஷனுக்கு வேலை கொடுத்த விசைத்தறி நின்றுபோனதும் அவன் திருப்பூர் போனான். போனவனிடமிருந்து முதலில் பணம் நின்றது, பிறகு போனும் நின்றது. இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவளும் சீஸ் சாண்ட்விச் போட ஆரம்பித்தாள். போன கிறிஸ்மஸ் சமயம் ஞானசெல்வி வீட்டுக்கு வந்து, வாசல்படியில் நின்றபடியே கேட்டாள்: "அக்கா, உங்களுதுல மட்டும் எப்படிக்கா பிரெட்டு மொறுமொறுன்னு நிக்கி? எனக்கு நமுத்துப் போயிருது. வாங்குனவங்க திருப்பிக் குடுக்காங்க."

ஞானசெல்விக்கு அந்த நிமிஷம் உண்மையைச் சொல்லிவிடலாம் போலத்தான் இருந்தது. சொன்னால் ஊருக்குத் தெரியும், ஊருக்குத் தெரிந்தால் ஜெயசிங்குக்குத் தெரியும். அது ஒரு காரணம். இன்னொரு காரணமும் இருந்தது. சுகிர்தாவின் கையில் நல்ல ருசி உண்டு என்பது அவளுக்குத் தெரியும்.

"எங்க கடை பிரெட்தான்" என்றாள். "கை பழகணும்ட்டி. போகப் போக வரும்."

சுகிர்தா நம்பினாள். அன்றிலிருந்து ரத்தினம் பேக்கரியில்தான் பிரெட் வாங்கினாள். கையைப் பழக்கினாள். வாங்கியவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுபோனார்கள். அதில் பாதிப் பேர் ஞானசெல்வியிடம் வந்தார்கள்.

நடுவராக வந்தது சேகரத்துப் போதகரின் மனைவி ஐயரம்மாவும், ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவரும். ஞானசெல்வியின் மேஜையில் டீச்சர் கண்ணை மூடி மென்றார். ஐயரம்மா இன்னொரு துண்டு கேட்டு வாங்கினார். சுகிர்தாவின் தட்டில் ஐயரம்மா ஒரு வாய் கடித்தார். நடுவில் பிரெட் பிய்ந்து சீஸ் சேலையில் விழுந்தது. மென்றதை முழுங்க முடியாமல் கைக்குட்டைக்குள் ஒதுக்கிவிட்டு, "பரவால்லம்மா, அடுத்த வருஷம் பாப்போம்" என்று சிரித்தார். சுகிர்தாவும் சிரித்தாள். அவள் மூத்த மகள் பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் பரிசு ஞானசெல்விக்கு. வாலிபர் சங்கச் செயலாளர் ஆனந்தகுமார் மைக்கில் அவள் பேரைச் சொன்னதும் அவளுக்கு முன்பாக ஜெயசிங் மேடை ஏறிவிட்டான். மைக்கைக் கேட்டு வாங்கினான். "எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இது எம் பொண்டாட்டி கைக்குக் கெடச்ச பரிசுன்னு நெனைக்காதீங்க. எங்கப்பா ஞானரத்தினம் போட்ட பிரெட்டுக்குக் கெடச்ச பரிசு. அம்பது வருஷமா ஒரே அளவு. எவனெவனோ ராஜபாளையத்துல இருந்தும் மதுரைல இருந்தும் பாக்கெட்டக் கொண்டாந்து எறக்குதான். நம்ம பிரெட்டு முன்னால நிக்குமா?"

கைதட்டினார்கள். அவன் கண் கலங்கியிருந்தது. அப்போதுதான், அடுத்த மேஜையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்திருந்த சுகிர்தா எழுந்து வந்தாள். வேகமாக வரவில்லை. ஞானசெல்வியின் மேஜைக்கு அடியில் குனிந்து, கட்டைப்பையிலிருந்து வெறும் கவரையும் பாதி பிரெட்டையும் எடுத்துத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள். கவரில் ராஜபாளையம் என்ற எழுத்து பெரிதாக இருந்தது.

"அண்ணாச்சி, உங்க வீட்டம்மா செஞ்சது இதுல. நீங்க போட்ட பிரெட்டு அந்தா மேஜை மேல பிரிக்காம இருக்கு பாருங்க" என்றாள். மைக் இல்லாமலே அது எல்லோருக்கும் கேட்டது. "உங்க பிரெட்டுல செஞ்சது நான்தான். அதத்தான் ஐயரம்மா கைக்குட்டைல ஒதுக்குனாங்க."

முதலில் ஒரு பையன் சிரித்தான். அப்புறம் அவன் பக்கத்தில் இருந்தவன். பிறகு பந்தல் முழுக்க அது பரவியது. வாயைப் பொத்திக்கொண்ட பெரியவர்களின் தோள்கள் குலுங்கின. ஐயரம்மா எழுந்து, "பண்டிகை நாள், விடுங்க. பரிசு கைப்பக்குவத்துக்குத்தான்" என்றார். அது சிரிப்பை இன்னும் கூட்டியது. ஜெயசிங் மைக்கை மெதுவாக ஆனந்தகுமாரிடம் கொடுத்தான். பரிசாக வைத்திருந்த குக்கரைத் தானே தூக்கிக்கொண்டான். சிரித்த முகம் மாறாமல் கூட்டத்துக்கு நடுவே நடந்து வெளியே போனான். ஞானசெல்வி பின்னாலேயே போனாள்.

வீட்டில் அடி விழும் என்று நினைத்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் அவளை அடித்ததில்லை. ஆனால் அன்றைக்கு அடித்தால் நல்லது என்று அவளுக்கே தோன்றியது. அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். குக்கரை அடுப்பு மேடையில் வைத்தான். "ஃபர்ஸ்ட் ப்ரைஸ் மேடம், கொஞ்சம் தண்ணி கொண்டாங்க" என்றான்.

அதன்பிறகு அவள் மேடம்தான். ஏட்டி போயிற்று, செல்வி போயிற்று. மேடம், சாப்பாடு ஆச்சுதா. மேடம், சட்டையத் தேச்சாச்சுதா. வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் முன்னாலும் அப்படித்தான். அவர்கள் சிரிப்பார்கள். கடையிலோ அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். பைக்கில் போகிற பையன்கள் வண்டியை நிறுத்தாமலே "அண்ணாச்சி, ராஜபாளையத்து பிரெட் இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். ஒருநாள் சாயங்காலம் அவன் பஸ் ஸ்டாண்டில் காத்திருந்து, இசக்கித்தாய் இறங்கியதும் மரியாதையாக இரண்டு வார்த்தை பேசினான். மறுநாள் அவள் வெறுங்கையோடு பின்வாசலுக்கு வந்தாள். "அண்ணாச்சி ரொம்ப சங்கடப்படுதாகக்கா. குடும்பத்துக்குள்ள எனக்கு எதுக்கு வம்பு?"

பிரெட் நின்றது. ஞானசெல்வி ஆர்டர் எடுப்பதை நிறுத்தினாள். கொஞ்ச நாள் போன் வந்துகொண்டிருந்தது. உடம்பு சரியில்லை என்று சொன்னாள். பிறகு போனும் வரவில்லை.

ஒரு காலையில் ஜெயசிங் கடையிலிருந்து வந்து அவள் முன்னால் ஒரு தட்டை வைத்தான். அதில் ஒரு துண்டு பிரெட்.

"தின்னு பாத்துச் சொல்லு."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். கேலி இல்லை. பிய்த்து வாயில் போட்டாள். "சக்கரை கொறஞ்சிருக்கு" என்றாள்.

"போதுமா?"

"இன்னும் கொறைக்கணும். உப்பு ஒரு பொட்டுக் கூடணும்."

அவன் தலையாட்டிவிட்டுப் போனான். மறுநாள் இன்னொரு துண்டு வந்தது. அதற்கு மறுநாளும். பேக்கரி மாஸ்டர் தங்கப்பழம் புலம்பிக்கொண்டே மாவு பிசைவதாக அவனே சொல்லிச் சிரித்தான். அவளும் சிரித்தாள். அந்த வீட்டில் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்து எத்தனை நாள் ஆகிவிட்டது என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது. அவள் ஒளிக்காமல் சொன்னாள். ஈஸ்ட்டைக் குறைத்து மாவை நிதானமாகப் பொங்கவிட வேண்டும். சுட்டதும் அறுக்கக் கூடாது, ஒருநாள் ஆறவிட வேண்டும். துண்டு கொஞ்சம் தடிமனாக இருக்க வேண்டும். அவன் எந்த சீஸ் என்று கேட்டான், சொன்னாள். வெண்ணெயில் பூண்டு எவ்வளவு, மிளகாய் எவ்வளவு என்று கேட்டான். அவன் கையைப் பிடித்துக் கூட்டிப் போய் அம்மியில் நசுக்கியே காட்டினாள். "செல்வி" என்று ஒருநாள் கூப்பிட்டான். சமையலறையில் இருந்தவள் அது தன்னைத்தானா என்று எட்டிப் பார்த்தாள்.

கடை முகப்பில் மிக்சர் டப்பாக்கள் அடுக்கிய இடத்தை ஒழித்துவிட்டு ஒரு பெரிய தோசைக்கல் போடப்போவதாகச் சொன்னான். எப்போது வந்து நிற்க வேண்டும் என்று அவன் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. தெருமுனைத் தையல்காரியிடம் இரண்டு ஏப்ரன் தைக்கக் கொடுத்தாள். ஒன்று துவைக்கப் போட்டால் இன்னொன்று வேண்டுமே. கடைசியாக வந்த துண்டைக் கல்லில் வாட்டிக் கடித்தபோது அந்தச் சத்தம் வந்தது. ராஜபாளையத்து பிரெட்டைவிட நன்றாகவே வந்தது. "இதுதாங்க. இனிமே தொடாதீங்க" என்றாள். ஜெயசிங் அவளை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தான். "சரி" என்றான்.

பாளையங்கோட்டையில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற மகள் ஜெபிஷா அந்த வாரம் போன் செய்தாள். "அம்மா, அப்பா கடை ரீல்ஸ் பாத்தேன். செமயா இருக்கு. எங்க ஹாஸ்டல் பிள்ளைக எல்லாம் ஷேர் பண்ணுதாங்க. ஆமா, சுகிர்தா ஆன்ட்டியையா நிப்பாட்டியிருக்கு? நீங்க ஏம்மா அதுல இல்ல?"

ஞானசெல்வி போனை வைத்துவிட்டு அந்த வீடியோவைத் தேடி எடுத்தாள். கடை முகப்பில் புதிய போர்டு. சுகிர்தா சீஸ் டோஸ்ட். அதன் கீழே வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு சுகிர்தா வெட்கத்தோடு சிரிக்கிறாள். கல்லில் வெண்ணெய் பொரிகிறது. ஒருவன் கடிக்கிறான், அந்தச் சத்தத்தை மட்டும் இரண்டு தடவை கேட்க வைத்திருந்தார்கள்.

மத்தியானம் அவன் சாப்பிட வந்தபோது அவள் சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள். பிறகு கேட்டாள். "நான் சொல்லிக் குடுத்ததெல்லாம் அவளுக்கா?"

ஜெயசிங் சோற்றைப் பிசைந்தான். அவசரப்படவில்லை. இந்தக் கேள்விக்காகத்தான் இத்தனை நாளாகக் காத்திருந்தவன் போல இருந்தது அவன் முகம்.

"அவ மூஞ்சிக்கு நேரா சொன்னா. சபை முன்னால சொன்னா. எனக்கு வலிச்சுது, ஆனா சொன்னா. நீ என் சோத்தத் தின்னுட்டு மேஜைக்கு அடியில வச்ச." ஒரு வாய் சாப்பிட்டான். "அதுவும் போக, நீங்க ஃபர்ஸ்ட் ப்ரைஸ் வாங்குனவங்க மேடம். உங்களையப் போய் கல்லுகிட்ட நிப்பாட்ட முடியுமா?"

அன்று சாயங்காலமும் அதற்குப் பிறகு வந்த சாயங்காலங்களிலும் அவன் கடையிலிருந்து ஒரு சாண்ட்விச் கொண்டுவந்தான். அவள் முன்னால் பிரித்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்துகொள்வான். எப்படி இருக்கு என்று கேட்பான். முதல் நாள் அவள் தின்றுவிட்டுக் காகிதத்தைக் கசக்கினாள். அவன் எழுந்து போகவில்லை. கடைசியில், "நல்லா இருக்கு" என்றாள். அது உண்மை. அந்த உண்மையைத் தினமும் அவள் வாயால் கேட்டுவிட்டுத்தான் அவன் குளிக்கப் போனான்.

தைத்து வந்த ஏப்ரன் இரண்டையும் அவள் பிடித்துணியாக்கினாள். சபையில் பெண்கள் சங்கக் கூட்டத்துக்குப் போவதை விட்டாள். சுகிர்தாவை நினைத்தால் சில நாள் கொதித்தது. சில நாள் ஒன்றுமே இல்லாமல் வெறுமையாக இருந்தது. இரண்டு தடவை சுகிர்தா போன் செய்தாள். எடுக்கவில்லை. "அக்கா உங்கள்ட்ட பேசணும்" என்று ஒரு மெசேஜ். பார்த்துவிட்டு அப்படியே விட்டாள்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஞானசெல்வி நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். எதற்காகப் போகிறாள் என்று அவளுக்கே தெளிவாக இல்லை. பேக்கரி முன்னால் ரோட்டை அடைத்துக் கூட்டம் நின்றது. பைக்குகள், டியூஷன் பிள்ளைகள், தென்காசி பஸ்ஸுக்குக் காத்திருக்கிற குடும்பங்கள். அவள் வரிசையில் நின்றாள். தெரிந்தவர்கள் இரண்டு பேர் திரும்பிப் பார்த்துவிட்டு ஒருவருக்கொருவர் கிசுகிசுத்தார்கள். கல்லாவில் இருந்த ஜெயசிங் அவளைப் பார்த்தான். அவன் முகத்தில் சந்தோஷம் தெரிந்தது.

"வாங்க மேடம், வாங்க. ஏட்டி சுகிர்தா, மேடத்துக்கு ஒண்ணு போடு. நல்லதா பாத்துப் போடு, அவங்க டேஸ்ட் பாத்து மார்க் போடுதவங்க."

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். சுகிர்தா நிமிர்ந்தாள். வீடியோவில் பார்த்த சுகிர்தா இல்லை இது. வெள்ளைத் தொப்பி அழுக்கேறி இருந்தது. முழங்கை வரைக்கும் வெண்ணெய் தெறித்த கொப்புளங்கள். கண்ணுக்குக் கீழே கருத்துக் கிடந்தது. அவள் ஒரு சாண்ட்விச்சைக் காகிதத்தில் சுற்றி இரண்டு கையாலும் நீட்டினாள். ஞானசெல்வி அதை வாங்கிக்கொண்டு ஓரமாக, கல்லுக்குப் பக்கத்திலேயே நின்று தின்ன ஆரம்பித்தாள்.

ஒருவன் பாதி கடித்ததைத் திருப்பிக் கொண்டுவந்து பலகையில் வைத்தான். "என்னக்கா இது, உள்ள சீஸ் அப்படியே கட்டியா கெடக்கு."

ஜெயசிங் கல்லாவிலிருந்தே குரல் கொடுத்தான். "ஏட்டி, கண்ணு எங்கன இருக்கு? காலைலருந்து எத்தனை திரும்பி வந்துருக்கு? புருஷன் ஓடிப்போனவன்னு எரக்கப்பட்டு நிப்பாட்டுனா, என் கடைய ஏலத்துல விட்டுருவ போலிருக்கே." கத்தவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னான், கூட்டமும் கேட்டு ரசிக்கிற மாதிரி. அந்தக் குரலை ஞானசெல்விக்கு நன்றாகத் தெரியும். அது வேறொருத்தி மேல் விழுவதைப் பார்க்கும்போது அவளுக்குள் ஏதோ ஒன்று மெல்ல இளகி இனித்தது. வாயில் இருந்ததை நிதானமாக மென்றாள்.

சுகிர்தா அடுத்த துண்டுகளைக் கல்லில் வைத்துக்கொண்டே, தலையைத் தூக்காமல், ஞானசெல்விக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசினாள்.

"அக்கா, எம்மேல கோவம் இருக்கும். எனக்கு வேற வழி இல்லக்கா. பிள்ளைகளுக்கு ஸ்கூல் இருக்குல்லா." மூக்கை உறிஞ்சினாள். "இன்னைக்குன்னு சீஸு உருகவே மாட்டேங்கு. அண்ணாச்சி ஐஸ் பெட்டில கல்லு மாதிரி வச்சிருந்து அப்பப்பதான் எடுத்துக் குடுக்காக. இன்னைக்கும் திரும்பி வந்தா நாளைக்கு வராதன்னு சொல்லிட்டாக. என்ன செய்யட்டும்க்கா? நீங்கதான் சொல்லணும்."

ஞானசெல்விக்குத் தெரியும். தீயைப் பாதியாகக் குறைக்க வேண்டும். மேலே ஒரு மூடியைக் கவிழ்த்து அந்த ஆவியிலேயே சீஸை இளகவிட வேண்டும். பொறுமையாக இருந்தால் எப்பேர்ப்பட்ட கட்டியும் உருகிவிடும். மூடி கூட அங்கேயே, சுகிர்தாவின் கைக்கெட்டும் தூரத்தில், வெண்ணெய் டப்பா மேல் கிடந்தது. வரிசையில் இன்னும் ஆட்கள் சேர்ந்துகொண்டிருந்தார்கள். யாரோ ஒருத்தி குழந்தையைத் தூக்கிக் கல்லைக் காட்டினாள்.

"தீ பத்தலட்டி" என்றாள் ஞானசெல்வி. "முழுசாத் தெறந்து விடு."

"முழுசாவாக்கா?"

"நான் சொல்லுதேன்லா."

சுகிர்தா குனிந்து அடுப்பின் குமிழைக் கடைசி வரைக்கும் திருகினாள். கல்லின் நாலு பக்கமும் நெருப்பு நாக்கை வெளியே நீட்டியது. வெண்ணெய் படபடவென்று வெடித்து, வரிசையாக அடுக்கியிருந்த அத்தனை துண்டுகளின் ஓரத்திலும் பழுப்பு ஏறத் தொடங்கியது. முன்னால் நின்றவர்கள் ஒரு அடி பின்வாங்கினார்கள். கல்லாவில் ஜெயசிங்கின் தலை திரும்பியது. எழும்பிய புகைக்கு நடுவே சுகிர்தா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து, ஞானசெல்வியைப் பார்த்து நன்றியோடு சிரித்தாள்.